லைசென்ஸ் பணம் மிச்சமானால் அது யாருக்குப் போக வேண்டும்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. அரசு அலுவலகங்கள் விண்டோஸையும் எம்.எஸ். ஆபீஸையும் விட்டு, லினக்ஸ், லிப்ரே ஆபீஸ் போன்ற திறமூல மென்பொருளுக்கு (அதன் நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம்) மாறுவது நல்லதா, அதில் உண்மையிலேயே பணம் மிச்சமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 24 ஆண்டுகள் அரசு அலுவலகங்களில் கணினிப் பயிற்சி கொடுத்தவள் நான். என் மனதுக்கு நெருக்கமான விஷயம் என்பதால், இந்த முறை முழுப் பகுதியையும் இதற்கே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஜெர்மனியில் ஒரு மாநில அரசு மைக்ரோசாஃப்டை விட்டதால் ஆண்டுக்கு 150 கோடி ரூபாய் மிச்சம் என்று படித்தேன், மேடம். நம்பலாமா?
*– ஓய்வுபெற்ற கருவூல அலுவலர், திருநெல்வேலி*

நம்பலாம் ஐயா. அந்த மாநிலம் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன். ஜெர்மனியின் வடகோடியில், டென்மார்க்கை ஒட்டி இருக்கிறது. தலைநகர் கீல். மொத்த மக்கள்தொகையே சுமார் 30 லட்சம்தான், நம் மதுரை மாவட்டத்தின் அளவு.

2024 ஏப்ரலில் அந்த அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. சுமார் 30,000 அரசுக் கணினிகளில் எம்.எஸ். ஆபீஸுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ், பிறகு படிப்படியாக விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ். 2025 அக்டோபரில் மின்னஞ்சலையும் மாற்றி முடித்தார்கள். அவுட்லுக் இருந்த இடத்தில் தண்டர்பேர்டும் ஓப்பன்-எக்ஸ்சேஞ்சும் வந்தன. 40,000-க்கும் அதிகமான அஞ்சல்பெட்டிகள், 10 கோடிக்கு மேற்பட்ட மடல்களும் நாட்காட்டிப் பதிவுகளும் இடம் மாறின. நடுவில் அஞ்சல் சரியாக வரவில்லை என்று ஊழியர்கள் கடுமையாகப் புகார் சொன்னார்கள். இவ்வளவு பெரிய வீடு மாற்றுகிற வேலையில் அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். 2026-ல் லைசென்ஸ் செலவில் மட்டும் 1.5 கோடி யூரோவுக்கு மேல் மிச்சமாகும் என்று அந்த அரசு 2025 டிசம்பரில் சொன்னது. நம் பணத்தில் கிட்டத்தட்ட நீங்கள் படித்த அந்த 150 கோடி. ஆனால் கருவூலத்தில் இருந்தவர் நீங்கள், செலவுப் பத்தியையும் பார்ப்பீர்கள். அதே 2026-ல், மீதியுள்ள இடங்களை மாற்றவும் மென்பொருளை மேம்படுத்தவும் ஒருமுறைச் செலவாக 90 லட்சம் யூரோ, அதாவது சுமார் 90 கோடி ரூபாய், ஒதுக்குகிறார்கள். அதாவது மிச்சமாகிற ஒவ்வொரு 100 ரூபாயிலும் 60 ரூபாயை அந்த ஆண்டில் வேலைக்கே திருப்பிப் போடுகிறார்கள்.

அந்த 150 கோடியை விட எனக்குப் பிடித்தது இந்த 90 கோடிதான். நம் ஊரில் 'லினக்ஸ் இலவசம், ஆகவே பட்ஜெட் பூஜ்யம்' என்று எழுதிவிட்டு, பயிற்சிக்கு அரை நாள் ஒதுக்கிய கோப்புகளை என் கையாலேயே வாங்கியிருக்கிறேன். அங்கே அப்படிச் செய்யவில்லை. வரித்துறை நீங்கலாகச் சுமார் 80 சதவீத அலுவலகக் கணினிகள் லிப்ரே ஆபீஸுக்கு மாறிவிட்டன. மீதி 20 சதவீதம் நிற்பதற்குக் காரணம், வேர்டு அல்லது எக்செல் இருந்தால் மட்டுமே ஓடும்படி எழுதப்பட்ட துறை மென்பொருள்கள். அவற்றைத் திருத்தி எழுத ஆள் வேண்டும், அதற்குச் சம்பளம் வேண்டும். முன்பு வெளிநாட்டுக்கு உரிமத் தொகையாகப் போனதில் ஒரு பகுதி, இப்போது உள்ளூர் நிரலாளர்களுக்குப் போகிறது.

மியூனிக் நகரம் லினக்ஸுக்குப் போய்விட்டு மறுபடி விண்டோஸுக்கே திரும்பிவிட்டதே? அது தோல்விதானே?
*– பொறியியல் கல்லூரி மாணவர், கோவை*

தம்பி, திரும்பியது உண்மை. தோல்வி என்று ஒரே வார்த்தையில் முடிப்பதற்கு முன்னால் முழுக்கதையையும் கேள்.

மியூனிக் நகராட்சியின் கணினிகளில் அப்போது விண்டோஸ் என்.டி. 4 ஓடிக்கொண்டிருந்தது. அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தப்போகிறது, எல்லாவற்றையும் புதிதாக வாங்கியாக வேண்டும் என்ற நெருக்கடியில்தான் மாற்றுவழி தேடினார்கள். 2003-ல் மைக்ரோசாஃப்டின் தலைவராக இருந்த ஸ்டீவ் பால்மர், பனிச்சறுக்கு விடுமுறையை நடுவில் விட்டுவிட்டு மேயர் கிறிஸ்டியான் ஊடேயைப் பார்க்க நேரில் வந்தார். விலையையும் குறைத்தார்கள். கடைசியில் மைக்ரோசாஃப்ட் கேட்ட தொகை, லினக்ஸ் திட்டத்தின் மதிப்பீட்டை விடக் குறைவு என்று அப்போதே செய்திகள் வந்தன. இருந்தும் நகர மன்றம் லினக்ஸைத் தேர்ந்தெடுத்தது. ஒரே ஒரு கம்பெனி 'இனி இது செல்லாது' என்று சொன்னால் ஒரு நகரமே கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறதே, அந்த நிலை வேண்டாம் என்று நினைத்தார்கள். செலவு குறைவு என்பதற்காக மியூனிக் லினக்ஸுக்குப் போகவில்லை என்பதை முக்கியமாகக் குறித்துக்கொள்.

2013-க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகள் மாறின. லிமக்ஸ் என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். 1 கோடி யூரோவுக்கு மேல் மிச்சமாகியிருப்பதாக 2012-ல் நகராட்சி கணக்குக் காட்டியது. அலுவலகக் கடிதங்களுக்கான மாதிரிகளைக் கையாள வோல்மக்ஸ் என்று ஒரு கருவியைத் தாங்களே எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார்கள்.

அப்புறம் 2014-ல் டீட்டர் ரைட்டர் மேயராக வந்தார். அவருக்கு ஆரம்பம் முதலே இதில் திருப்தி இல்லை. ஊழியர்களின் புகார்களும் பொய்யல்ல. ஆனால் ஆய்வு செய்தவர்கள் சுட்டிக்காட்டியதில் பெரும்பகுதி, நகராட்சியின் கணினிப் பிரிவு பல துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது, பழைய பதிப்புகளை நேரத்தில் புதுப்பிக்காதது போன்ற நிர்வாகக் குறைகள். 2017-ல் விண்டோஸுக்குத் திரும்ப மன்றம் வாக்களித்தது. அதற்கான செலவு மதிப்பீடு கிட்டத்தட்ட 5 கோடி யூரோ. 2020-ல் புதிய கூட்டணி வந்தபோது, பொதுப்பணத்தில் எழுதும் மென்பொருள் பொதுவில் இருக்க வேண்டும் என்று மறுபடி கொள்கையை மாற்றிக்கொண்டார்கள்.

இதோடு பிரான்ஸின் ஜாந்தார்மரி என்ற காவல் படையை வைத்துப் பார். கிராமப்புறங்களையும் சிறு நகரங்களையும் காவல் காக்கும் படை அது. 2005-ல் ஆபீஸ் தொகுப்பை மட்டும் மாற்றினார்கள், விண்டோஸில் கை வைக்கவில்லை. அடுத்து ஃபயர்பாக்ஸ், தண்டர்பேர்ட். இதில் எல்லோருக்கும் கை பழகிய பிறகு, 2008-ல்தான் கீழே இருந்த விண்டோஸை எடுத்துவிட்டு உபுண்டு லினக்ஸை வைக்கத் தொடங்கினார்கள். தினமும் தொடுகிற மென்பொருள் அதேதான், அடியில் இருப்பது மட்டும் மாறியது. ஐகான்களும் விளையாட்டுகளும்தான் பெரிய வித்தியாசம் என்று அங்கே ஓர் அதிகாரி சொன்னார். 2024-ல் அந்தப் படையின் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் லினக்ஸில் ஓடின. இத்தனை ஆண்டுகளில் அவர்கள் திரும்பிப் போகவில்லை.

வரிசைதான் விஷயம், தம்பி. நீ நாளைக்கு ஒரு அலுவலகத்துக்கு ஆலோசகராகப் போனால் ஜாந்தார்மரியின் வரிசையை எடுத்துக்கொண்டு போ.

மத்திய அரசு ஜோஹோவுக்கு மாறியதும் இந்த வகைதானா?
*– வங்கி ஊழியர், சென்னை*

இல்லை. ஜோஹோ நம் சென்னை நிறுவனம், நல்ல நிறுவனம். மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் அதன் தளத்துக்குப் போனது எனக்கும் பெருமைதான். ஆனால் ஜோஹோவின் ஆபீஸ் தொகுப்பு திறமூலம் ஆகாது. நிரலை நாம் எடுத்துப் பார்க்கவோ, வேறொருவரிடம் கொடுத்துத் திருத்தவோ முடியாது. பெரிய அலுவலகங்கள் சந்தா கட்டித்தான் பயன்படுத்த வேண்டும். எந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டாலும், 'நாளைக்கு வெளியே போக நினைத்தால் என் கோப்புகளை எந்த வடிவத்தில் தருவீர்கள்?' என்ற கேள்விக்குப் பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.

நான் எல்லையோர ஊரில் ஆசிரியை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளப் பள்ளிகளில் எல்லாமே லினக்ஸ். 3,000 கோடி மிச்சம் என்கிறார்கள். இந்தப் பக்கம் ஏன் அப்படி நடக்கவில்லை?
*– அரசுப் பள்ளி ஆசிரியை, செங்கோட்டை*

டீச்சர், முதலில் அந்த 3,000 கோடியைப் பார்ப்போம். 2019-ல் கேரளப் பள்ளிகளின் கணினிக் கல்வியைக் கவனிக்கும் கைட் என்ற அரசு அமைப்பு சொன்ன தொகை அது. 2 லட்சம் பள்ளிக் கணினிகள், ஒவ்வொன்றிலும் இருக்கிற மென்பொருளுக்கு ஈடானவற்றை விலை கொடுத்து வாங்கினால் தலா ஒன்றரை லட்சம் ரூபாய், ஆக 3,000 கோடி. கணக்கில் பிழை இல்லை. ஆனால் எந்த அரசும் பள்ளிக்கூடக் கணினிக்கு ஒன்றரை லட்சத்துக்கு மென்பொருள் வாங்கியிருக்காது. வாங்காமலேயே விட்டிருக்கும், அல்லது திருட்டுப் பிரதி ஓடியிருக்கும். ஆகவே அந்த எண்ணை நான் மேடையில் சொல்வதில்லை.

அதைவிடப் பெரிய சாதனை அவர்களிடம் இருக்கிறது. 2001-ல் ஐ.டி. அட் ஸ்கூல் என்ற பெயரில் தொடங்கிய திட்டம், ஆட்சிகள் மாறி மாறி வந்தும் நிற்கவில்லை. பாடநூலிலேயே லினக்ஸ் வந்தது. பத்தாம் வகுப்பில் கணினித் தேர்வு அதில்தான் நடக்கிறது. கணக்கு டீச்சருக்கு ஜியோஜீப்ரா, வேதியியல் டீச்சருக்கு வேறொன்று என்று அந்தந்தப் பாடத்துக்கான மென்பொருளை உள்ளேயே வைத்துத் தங்கள் சொந்தப் பதிப்பைத் தயாரித்தார்கள். பயிற்சி கொடுத்தவர்களும் ஆசிரியர்களே. 2018 முதல் லிட்டில் கைட்ஸ் என்று பிள்ளைகளின் கணினிக் குழுக்கள் வேறு இருக்கின்றன. லேப்பில் ஒரு பெட்டி ஓடவில்லை என்றால் அந்தப் பிள்ளைகளே உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

நம்மிடம் தொடக்கம் இல்லாமல் இல்லை. 2007 வாக்கில் தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், அந்த அலுவலகத்தையே சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாற்றிக் காட்டினார். அந்த நாட்களில் மாவட்டங்களில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது பெரிய உற்சாகம். அவர் அந்தப் பொறுப்பை விட்டுப் போனபின் வேகம் குறைந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவான பாஸ் லினக்ஸ், 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. எத்தனை லட்சம் பிள்ளைகளின் கைக்குப் போன மடிக்கணினி! ஆனால் என்னிடம் பழுதுபார்க்கக் கொண்டுவந்த பிள்ளைகளிடம் 'பாஸைத் திறந்து பார்த்தாயா?' என்று கேட்டால், அப்படி ஒன்று உள்ளே இருப்பதே பலருக்குத் தெரியாது. பாடநூலில் இல்லை, தேர்வில் இல்லை, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. பிறகு யார் திறப்பார்கள்?

2015-ல் மத்திய அரசு வெளியிட்ட கொள்கையும் திறமூலத்தை முதலில் பரிசீலிக்க வேண்டும், வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும் என்றே சொல்கிறது. ஆணைக்குக் குறைவில்லை டீச்சர். கேரளா ஆசிரியர்களை நம்பிப் பணம் போட்டது. உங்கள் பள்ளியில் ஒரே ஒரு பழைய கணினியில் அவர்களுடைய பதிப்பைப் போட்டுப் பாருங்கள், இலவசமாகவே கிடைக்கிறது.

நான் நகராட்சி அலுவலகத்தில் தட்டச்சர். அடுத்த மாதம் எல்லாக் கணினியையும் லினக்ஸுக்கு மாற்றப்போவதாகச் சொல்கிறார்கள். ஓய்வுபெற இன்னும் மூன்று ஆண்டு இருக்கிறது. ராத்திரி தூக்கம் வரவில்லை, மேடம். என் வானவில் ஃபைல்கள் எல்லாம் என்னாகும்?
*– பெயர் வேண்டாம், சிவகங்கை மாவட்டம்*

அம்மா, உங்கள் கடிதத்தை நான் மூன்று தடவை படித்தேன். ஏனென்றால் உங்களைப் போலவே ஒருவரை எனக்குத் தெரியும்.

2015-ல் தென்மாவட்டத்தில் ஒரு நகராட்சி. வெள்ளிக்கிழமை மாலை அலுவலகம் பூட்டினார்கள், சனி ஞாயிறில் 40 கணினியையும் மாற்றினார்கள், திங்கள் காலை பயிற்சி கொடுக்க நான் போய் நின்றேன். பிறப்பு-இறப்புப் பிரிவில் ஒரு சிக்கலும் இல்லை. அங்கே எல்லாம் பிரவுசரில் நடக்கிற வேலை. தபால் பிரிவில் மூத்த தட்டச்சர் ஒரு அம்மா, திரையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் 15 ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த சுமார் 300 மாதிரிக் கடிதங்கள். வரி நோட்டீஸ், கட்டட அனுமதி, ஓய்வூதியப் பரிந்துரை. எதைத் திறந்தாலும் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கலைந்து கிடந்தது.

ஏன் அப்படி என்று சொல்கிறேன். வானவில் அவ்வையார் போன்ற பழைய எழுத்துருக்களில் கோப்புக்குள் இருப்பது தமிழே கிடையாது. உள்ளே ஆங்கில எழுத்துகளின் குறியீடுதான் இருக்கும், அந்த எழுத்துரு அதற்கு மேலே தமிழ் உருவத்தை வரைந்து காட்டும். எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடும். 2010-லேயே தமிழ்நாடு அரசு, எந்தக் கணினியிலும் தமிழைத் தமிழாகவே வைக்கும் பொதுக் குறியீடான யூனிகோடை ஏற்று ஆணையிட்டிருக்கிறது. ஆனாலும் பிரிவுகளில் பழையதே ஓடிக்கொண்டிருந்தது.

எழுத்துருவை லினக்ஸில் ஏற்றியதும் கடிதங்கள் படிக்க வந்துவிட்டன. ஆனால் அதில் தட்டச்சு செய்யும் மென்பொருள் விண்டோஸுக்கு மட்டுமே. அந்த அம்மா என்னைப் பார்த்து, "மேடம், வேற எதை வேணாலும் மாத்திக்கங்க. நான் இன்ஸ்டிட்யூட்ல பழகின கை இது, இதை மட்டும் மாத்தச் சொல்லாதீங்க" என்றார். அவர் தட்டச்சு ஹையர் பாஸ் செய்தவர், விரல் போகிற வேகத்தைக் கண்ணால் பின்தொடர முடியாது. அவரைப் போய் தமிழ்99 என்ற வேறு விசைப்பலகை முறையைப் பழகச் சொல்வது, வலது கையால் எழுதுகிறவரை இடது கைக்கு மாறச் சொல்வது போல.

அன்று இரவு தங்கும் விடுதியில் உட்கார்ந்து தேடினேன். லினக்ஸில் எம்17என் என்று ஒரு தொகுப்பு இருக்கிறது. அதற்குள் பழைய தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தின் விசைப்பலகையே இருக்கிறது! அடிப்பது பழைய முறையில், திரையில் விழுவது யூனிகோடில். மறுநாள் அதைப் போட்டுக் கொடுத்தபோது ஓரிரு குறிகள் மட்டும் இடம் மாறியிருந்தன. மதியத்துக்குள் அவர் விரல் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. அவர் முகம் மாறியதை இன்றைக்கும் மறக்கவில்லை.

300 கடிதங்களை மாற்ற இரண்டு மாதம் ஆனது. வானவில்லை யூனிகோடாக்கும் மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் ஒரு எச்சரிக்கை: நடுவில் ஆங்கிலச் சொல் இருந்தால் மாற்றி அதையும் தமிழாக்கப் பார்த்து அர்த்தமில்லாத எழுத்தாக்கிவிடும். ஒவ்வொரு கடிதத்தையும் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். அந்த இரண்டு மாதத்துக்கு ஒரு ஆளைக் கூடுதலாகப் போடச் சொல்லி நான் கேட்டேன், 'அதற்கு நிதி இல்லை' என்றார்கள். 40 லைசென்ஸ் மிச்சமாகியிருந்தது, ஒரு தற்காலிக ஊழியருக்கு நிதி இல்லை. அந்த அம்மா மாலை ஏழு மணி வரை உட்கார்ந்து தானே செய்தார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது இதுதான். மாற்றும் நாளுக்கு முன்பே உங்கள் கோப்புகள் முழுவதையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். அதிகம் பயன்படுத்துகிற பத்துக் கடிதங்களின் பட்டியலை எழுதி, பயிற்சியாளர் வந்ததும் முதலில் அதை அவர் கையில் கொடுங்கள். இதைத் திறந்து, திருத்தி, பிரின்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பழைய தட்டச்சு விசைப்பலகை வேண்டும் என்று இன்றே ஆணையருக்கு எழுத்தில் கொடுங்கள். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் (கையொப்பத்துக்காகச் செருகும் பென் டிரைவ் போன்ற கருவி) பயன்படுத்தும் கணினி ஒன்றிருந்தால், அதை மட்டும் இப்போதைக்குத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் சொன்ன அலுவலகத்திலும் அந்த டோக்கனுக்காக இரண்டு கணினிகளை விண்டோஸிலேயே விட்டுவைத்தோம்.

அந்த அம்மா 2019-ல் ஓய்வுபெற்றார். போகும்போது 300 கடிதங்களையும் புதிதாக வந்த தம்பியிடம் கொடுத்து, "இது எந்த கம்ப்யூட்டர்ல போட்டாலும் தமிழாத்தான் தெரியும்பா" என்று சொன்னாராம்.

உங்கள் முகவரியை இதழ் அலுவலகத்தில் கேட்டு வாங்கியிருக்கிறேன். விசைப்பலகையை எப்படிச் சேர்ப்பது என்று படம் போட்டு இரண்டு பக்கத்தில் எழுதி, இந்த வாரமே தபாலில் அனுப்புகிறேன்.